கருதல் அளவையும் கற்கும் பொறியும்

பனமலை தாளகிரீஸ்வரர் கோயிலில், இராசசிம்ம பல்லவன் காலத்துச் சுவரோவியத்தில் குடையின்கீழ் ஒரு காலை மடித்துச் சாய்ந்து நிற்கும் உமை எஞ்சியிருக்க, அவள் காணும் சிவனின் ஆடல் பெரும்பாலும் அழிந்துபோனதால், அதை அவள் நோக்கிலிருந்தே உய்த்துணர வேண்டியுள்ளது. காரியத்தைக் கொண்டு காரணத்தை அறியும் இவ்வழியைச் சைவ சித்தாந்தம் கருதல் அளவை என்கிறது. 2004-இல் இந்தியா அளித்த நடராசர் சிலை நிற்கும் ஜெனீவாவின் செர்ன் ஆய்வகத்திலும், புரோட்டான் மோதலில் சிதறும் குவார்க்குகள் தனித்து நில்லாமல் ஹேட்ரான் எனும் கூட்டுத்துகள்களாகத் திரண்டுவிடுவதால், கருவிகளுக்குக் கிட்டுவன பின்விளைந்த தடங்களே. அத்திரட்சியைக் கோட்பாட்டால் முழுமையாகக் கணக்கிட இயலாத நிலையில், இயந்திரக் கற்றல் அதைத் தரவுகளிலிருந்து கற்க முயல்கிறது. ஆனால் கருதலுக்கு, புகைக்கும் நெருப்புக்கும் உள்ளது போன்ற பிரியாத் தொடர்பு வேண்டும்; பொறி கற்பதோ உடன்நிகழ்வை மட்டுமே என்பதால், அதன் விடையைக் காரண அறிவாக ஏற்பது பிழை.