மேலைக் கோபுரத்து நாய்

தன் சீடர் பத்திரகிரியாரைப் பட்டினத்தார் 'சம்சாரி' என்று சொன்ன கதை, வடசென்னையில் சைவம் பேசுகிற வீடுகளில் எல்லாருக்கும் தெரியும். திருவிடைமருதூரில் கீழைக் கோபுர வாசலில் குரு, மேலைக் கோபுர வாசலில் சீடர். ராஜ்யத்தையே விட்டுவந்த சீடரிடம் மிச்சம் இருந்தது ஒரு திருவோடும், தானாக வந்து ஒட்டிக்கொண்ட ஒரு பெட்டை நாயும்தான். ஒருநாள் பசி என்று ஒருவர் பட்டினத்தாரிடம் கை நீட்டினார். வந்தவர் சிவபெருமான். 'என்னிடம் ஒன்றுமில்லை, மேலை வாசலில் ஒரு சம்சாரி இருக்கிறான், அவனிடம் போ' என்றார் பட்டினத்தார். இந்த ஓடும் நாயும் அல்லவா என்னைச் சம்சாரி ஆக்கிவிட்டன என்று பத்திரகிரியார் ஓட்டை வீசினார். அது நாயின் தலையில் பட்டது. நாய் செத்துப்போனது.

பட்டினத்தார் சமாதி திருவொற்றியூர்க் கடலோரத்தில் இருக்கிறது. ஆடி உத்திராடத்தில் குருபூஜை. பேசின் பிரிட்ஜ் யார்டில் ரயில்பெட்டி பிட்டராக இருந்த காலத்திலிருந்தே போய்க்கொண்டிருக்கிறேன். அங்கே இந்தக் கதையைச் சொல்கிறவர்கள், கடைசிப் பற்றையும் விடு என்று முடித்துவிடுவார்கள். அடிபட்டு விழுந்த நாயிடம் யாரும் நிற்பதில்லை. இப்போது என்னால் அந்த இடத்தைத் தாண்டிப் போக முடியவில்லை. காரணம் ஜூலி.

ஓய்வு பெற்ற பிறகு, ஒரு காப்பகத்திலிருந்து வளர்ந்த நாயாகவே அவளை அழைத்துவந்தோம். அடிபட்டுக் கொண்டுவரப்பட்ட தாய்க்கு அங்கேயே பிறந்து, கம்பிக்கூண்டுக்குள்ளேயே வளர்ந்தவள். யாரும் அவளை அடித்ததில்லை. வேளாவேளைக்குச் சோறு வந்தது. ஆனால் படிக்கட்டு, சைக்கிள், குழந்தையின் சிரிப்பு, குக்கர் விசில் எதுவும் அவளுக்குத் தெரியாது. நாய்க்குட்டிக்கு உலகம் பழகும் பருவம் ஏறக்குறைய 3 வாரத்தில் தொடங்கி 12 வாரத்துக்குள் அடங்கிவிடுகிறது. அமெரிக்காவில் பார் ஹார்பர் ஆய்வகத்தில் ஸ்காட், புல்லர் இருவரும் பல ஆண்டுகள் நாய்களை வளர்த்துப் பார்த்து 1965இல் புத்தகமாக எழுதியது இது. அந்தப் பருவம் முழுக்க மனிதர் கை படாமல் வளர்ந்த குட்டிகள் பிறகு மனிதரைக் கண்டாலே ஒடுங்கின. ஜூலியும் அப்படித்தான். எங்கள் யார்டில் பெட்டிக்கு அடியில் பிறந்த நாய்கள் ஷண்டிங் சத்தத்தில் தூங்கும், டீக்கடையில் ஆளுக்கு ஆள் உரிமையோடு நிற்கும். அவற்றுக்கு ஊர் இருக்கிறது, இவளுக்குச் சுவர் மட்டுமே இருந்தது.

அதனால்தான் 2025 ஆகஸ்டு 11 அன்று டெல்லித் தெருநாய்களையெல்லாம் காப்பகத்தில் அடைக்க உச்ச நீதிமன்றம் உத்தரவிட்டபோது எனக்குத் தூக்கம் வரவில்லை. 22ஆம் தேதி அதைத் திருத்தினார்கள். வெறிநோய் உள்ளவை, மூர்க்கமானவை தவிர மற்றவற்றுக்குக் கருத்தடையும் ஊசியும் முடித்துப் பிடித்த இடத்திலேயே விடச் சொன்னார்கள். கேப்டன் சுந்தரம் தொடங்கிய புளூ கிராஸ் 1964 முதல் சென்னையில் வற்புறுத்திவந்த வழி அது. நாய்களைப் பிடித்து மின்சாரம் வைத்துக் கொன்றுகொண்டிருந்த நம் மாநகராட்சி 1996இல்தான் அந்தப் பக்கம் திரும்பியது. கடிபட்ட குழந்தையின் தாய்க்கு இருக்கும் கோபம் எனக்குப் புரிகிறது. ஆனால் கூண்டு ஒரு பதில் என்று சொல்கிறவர்கள் ஒருமுறை ஜூலியின் கண்ணைப் பார்க்க வேண்டும்.

வந்த புதிதில் அவள் தையல் மிஷினுக்கும் சுவருக்கும் நடுவிலேயே கிடந்தாள். எவர்சில்வர் தட்டு தரையில் பட்ட சத்தத்துக்கே நடுங்கியதால் மண்சட்டி வாங்கினேன். காப்பகத்தில் சொல்லிக்கொடுத்தபடி, அவளுக்கு முதுகைக் காட்டி உட்கார்ந்து, வேகவைத்த கோழி ஈரலைத் துண்டு துண்டாகப் பின்பக்கம் போடுவேன். நேராகப் பார்க்கக்கூடாது, தலையைத் தடவக் கை நீட்டக்கூடாது, அறைக்கதவைச் சாத்தக்கூடாது. அலமாரிக் கண்ணாடியில் பார்ப்பேன்: முன்கால் இரண்டும் முன்னே நகரும், கழுத்து நீளும், பின்கால்கள் மட்டும் ஓடுவதற்குத் தயாராக அங்கேயே ஊன்றி நிற்கும். உதட்டை நக்குவாள், கொட்டாவி விடுவாள். அது தூக்கமல்ல, பயம். அந்நேரம் யார்டில் ஹாரன் அடித்தால் ஈரலை விட்டுவிட்டு மறுபடி மிஷினுக்குப் பின்னால் போய்விடுவாள்.

'இவ்வளவு செய்தும் பக்கத்தில் வர மாட்டேன் என்கிறதே' என்று ஒருநாள் இரவு புலம்பினேன். என் மனைவி துணி மடித்துக்கொண்டே சொன்னாள்: "அது பாட்டுக்கு இருக்கட்டும் விடுங்க. நம்மள புடிச்சே ஆகணும்னு அதுக்கு என்ன கட்டாயம்?"

குருபூஜையில் எத்தனையோ பேர் பற்றைப் பற்றிப் பேசிக் கேட்டிருக்கிறேன். இவ்வளவு சுருக்கமாக யாரும் எனக்கு விளக்கியதில்லை. நான் ஈரலோடு சேர்த்து ஒரு கோரிக்கையையும் அவள் முன்னால் வைத்துக்கொண்டிருந்தேன்: என்னிடம் வா, வாலாட்டு, நான் நல்லவன் என்று சொல். பட்டினத்தார் அறுக்கச் சொன்ன கயிறு அதுதான் என்று எனக்குப் படுகிறது. அந்தக் கயிறு நாயின் கழுத்தில் இல்லை. பத்திரகிரியார் ஓட்டை வீசினாரே, 'என்னைச் சம்சாரி ஆக்கிவிட்டன' என்ற அந்த வருத்தத்திலும் ஒரு 'நான்' இருக்கிறது. அதற்குப் பலியானது சோற்றுக்காகக் காத்திருந்த ஜீவன்.

அப்படியானால் எந்தக் கட்டும் இல்லாமல் இருந்துவிடலாமா? அதற்கும் திருவொற்றியூரே பதில் வைத்திருக்கிறது. பட்டினத்தாருக்கு முன்பே அங்கு வந்த சுந்தரர், உன்னைப் பிரியேன் என்று மகிழமரத்தடியில் சங்கிலி நாச்சியாருக்குச் சத்தியம் செய்துகொடுத்தார். பிறகு திருவாரூர் நினைவில் எல்லையைத் தாண்டியதும் இரண்டு கண்ணும் போனது. அவர் போனது சிவன் கோயிலுக்குத்தான். சிவன் அவருக்குத் தோழர் வேறு. அப்படியும் சத்தியம் சத்தியம்தான். ஒரு பிராணியை வீட்டுக்கு அழைத்து வருவது நாக்கு சொல்லாத அதே சத்தியம். பழகவில்லை, ஒத்துவரவில்லை என்று நாயைக் கொண்டுபோய்த் திரும்ப விடுகிறவர்கள் நிறைய. அவர்கள் வீட்டு நிலைமை எனக்குத் தெரியாது. ஆனால் அந்த நாய்க்கு இரண்டாவது முறை கதவு சாத்தப்படுகிறது. அதனிடம் அன்பை எதிர்பார்ப்பதை விடலாம், கொடுத்த வாக்கை விட முடியாது. துறவிக்கும் இல்லறத்தானுக்கும் இதில் வேறுபாடு இருப்பதாக நான் நினைக்கவில்லை.

கதையின் மிச்சத்தையும் சொல்ல வேண்டும். மேலை வாசலில் செத்த நாய், அடியார் உண்ட மிச்சத்தைத் தின்ற புண்ணியத்தால் காசிராஜன் மகளாகப் பிறந்தது. வளர்ந்ததும், நான் அந்தத் துறவிக்கு உரியவள் என்று திருவிடைமருதூருக்கே தேடி வந்தது. அங்கே எழுந்த ஜோதியில் பத்திரகிரியாரும் அவளும் சேர்ந்தே கலந்தார்கள். ஒன்றுமே வைத்துக்கொள்ளாத குரு அதைப் பார்த்துக்கொண்டு நின்றார். கையில் கசக்கும் பேய்க்கரும்போடு ஊர் ஊராக அலைந்து, அது இனித்த ஒற்றியூருக்கு வந்த பிறகுதான் அவருக்கு முக்தி. சம்சாரி முந்திக்கொண்டார், நாயும் கூடப் போனது. பற்றை விடு என்பதற்கு மட்டும் இந்தக் கதை எழுந்திருந்தால் நாய் திரும்பி வந்திருக்கவே வேண்டாம்.

ஜூலி இப்போது கூடத்தில் படுக்கிறாள். என் மனைவியின் முந்தானையை மோந்து பார்ப்பாள். என் கையிலிருந்து ஈரலை வாங்கிக்கொண்டு நாலடி தள்ளிப் போய்த்தான் தின்பாள். அடுத்தது கழுத்துப்பட்டை. வாங்கி அவள் சட்டிக்குப் பக்கத்தில் தரையில் போட்டிருக்கிறேன், மோந்து பழகட்டும்.