படகைத் திருப்பியவர்

முந்துவதே வீரம் என எண்ணும் நம் வாலிபர்கள், லாரன்ஸ் லெமியூ என்னும் கனடா நாட்டவரை அறிந்திருப்பது நலம்.

1988 செப்டம்பரில், தென் கொரியாவின் பூசான் கடலில் ஒலிம்பிக் பாய்மரப் படகுப் போட்டி நடைபெற்றது. காற்றோ கடுங்காற்று. அலைகள் ஆளுயரம் எழுந்தன. தம் பந்தயத்தில் இரண்டாவதாக விரைந்துகொண்டிருந்த லெமியூ, வேறொரு பந்தயத்திலிருந்த சிங்கப்பூர்ப் படகொன்று கவிழ்ந்து கிடக்கக் கண்டார். அதிலிருந்த இருவருள் ஒருவர் படகைப் பற்றியிருந்தார். மற்றவரை நீரோட்டம் இழுத்துப் போயிற்று. லெமியூ தம் படகைத் திருப்பினார். இருவரையும் ஏற்றி, கொரியக் காவற்படகிடம் ஒப்புவித்த பின்னரே பந்தயத்தைத் தொடர்ந்தார். கிடைத்தது 22ஆம் இடம்!

நடுவர்கள் அப்பந்தயத்தில் அவருக்கு இரண்டாம் இடத்தையே வழங்கினர். ஆயினும் மொத்தக் கணக்கில் அவர் 11ஆவதாகவே வந்தார், பதக்கமில்லை. ஒலிம்பிக் தலைவர் சமரான்ச் தனி விருதளித்துக் கௌரவித்தார்.

‘ஆபத்திலிருப்போர்க்கு உதவுவது படகுப் பந்தய விதிதானே, இதில் புகழ்ச்சி எதற்கு?’ என்பார் சிலர். உண்மைதான். விதி இருந்தது, இழந்த இடத்தைத் திருப்பித் தர நடுவரும் இருந்தனர். நம் கடைத்தெருவிலும் உத்தியோகத்திலும் அத்தகைய நடுவர் எவர் உளர்? பக்கத்துக் கடைக்காரர் நொடித்துப்போகையில் அவருக்குக் கை கொடுத்தால், நாம் இழக்கும் வாடிக்கை இழந்ததுதான். அங்கேயும் படகைத் திருப்புவோமா என்பதே என்னை உறுத்தும் கேள்வி.