கூலியாளா? கூட்டாளியா?

மனிதனுக்கு ரிஸ்க் அளிப்பவன் அல்லாஹ் ஒருவனே. மாதச் சம்பளம் ஒரு வாசல், அன்றாடக் கூலி ஒரு வாசல், வியாபாரம் வேறொரு வாசல். எந்த வாசல் வழியே வந்தாலும் கொடுப்பவன் அவன்தான். இதில் நமக்குள் கருத்து வேறுபாடு கிடையாது. ஆனால் அந்த வாசல்களில் நிற்கும் மனிதர்கள் ஒருவரோடொருவர் எவ்வாறு நடந்துகொள்ள வேண்டும் என்பதையும் அவனே வகுத்திருக்கிறான். அதை மறந்து, "எல்லாம் நஸீபு" என்று பேச்சை முடித்துவிடுவது தவக்குல் ஆகாது.

நம் வீட்டுப் பிள்ளைகளின் பிழைப்பு இன்று மாறிக்கொண்டு வருகிறது. கம்பெனியில் உத்தியோகம், பி.எஃப்., ஈ.எஸ்.ஐ., போனஸ் என்று அமைந்திருந்த வேலைகள் குறைகின்றன. அந்த இடத்தில் கான்ட்ராக்ட் வேலை வருகிறது. செல்போன் செயலியைப் பார்த்துச் சாப்பாடு கொண்டுபோய்க் கொடுக்கும் வேலையும், கார் ஓட்டும் வேலையும் வருகின்றன. இத்தகைய செயலி வேலைகளிலும் அவற்றை ஒத்த தற்காலிக வேலைகளிலும் 2020-21-இல் நம் நாட்டில் 77 லட்சம் பேர் இருந்தனர் என்றும், 2029-30-இல் அது 2 கோடியே 35 லட்சம் ஆகும் என்றும் நிதி ஆயோக் 2022-இல் கணக்கிட்டது. இவர்களைக் கம்பெனிகள் வேலைக்காரர் என்று அழைப்பதில்லை. "பார்ட்னர்" என்று அழைக்கின்றன. அதாவது கூட்டாளி! காதுக்கு இனிய பெயர்தான். ஆனால் அது மெய்யான பெயரா? இதைத்தான் நாம் மார்க்கத்தின் உரைகல்லில் தேய்த்துப் பார்க்க வேண்டும்.

கூலிக்கு வேலை வாங்குவதைப் பற்றிப் பேசும் இஜாரா என்னும் பாடம் பிக்ஹு நூல்களில் உண்டு. அதில் உழைப்பாளிகளை இமாம்கள் இரு வகையாகப் பிரித்தனர். ஒருவர் "அஜீர் காஸ்". ஒருவருக்கே தம் நேரத்தைக் கொடுத்துவிட்டவர். வீட்டு வேலையாளும் கடைச் சிப்பந்தியும் இவ்வகையினர். மற்றவர் "அஜீர் முஷ்தரக்", ஊருக்கெல்லாம் பொதுவானவர். தையற்காரர், சாயம் தோய்ப்பவர் போன்றோர் இவ்வகையினர். உதுமானியர் ஆட்சியில் 1869 முதல் 1876 வரை ஹனஃபி மத்ஹபின்படி தொகுக்கப்பட்ட "மஜல்லா" என்னும் சட்ட நூல் இந்தப் பிரிவைத் தெளிவாக வரையறுத்துள்ளது.

இரண்டுக்கும் என்ன வேறுபாடு? பொதுவான உழைப்பாளிக்கு வேலையை முடித்தால்தான் கூலி. ஆனால் அவர் சுதந்திரர். தம் கூலியைத் தாமே பேசுவார். பிடிக்காத வேலையை மறுப்பார். பத்துப் பேருக்கு உழைப்பார். தனி உழைப்பாளியோ அந்தச் சுதந்திரத்தை விட்டுக்கொடுத்தவர். ஆகவே அவர் வேலைக்கு ஆயத்தமாக வந்து நின்றாலே கூலிக்கு உரியவராகிவிடுகிறார். எஜமானர் அன்று வேலை கொடுக்கவில்லை என்றாலும் கூலி உண்டு. கடைக்கு ஆள் வராத நாளில் சிப்பந்தியின் சம்பளத்தைப் பிடிக்க முதலாளிக்கு உரிமையில்லை. அவர் விட்டுக்கொடுத்த சுதந்திரத்துக்கு ஈடு அது.

இவ்விருவரையும் தவிர மூன்றாமவர் உண்டு. அவரே கூட்டாளி. கூட்டாளிக்கு லாபத்தில் பங்கு உண்டு. கணக்கைப் பார்க்கும் உரிமை உண்டு. ஒருவர் முதலையும் மற்றவர் உழைப்பையும் போடும் முளாரபா வியாபாரத்தில், கவனக்குறைவு ஏதுமின்றி முதல் நஷ்டமானால் அது முதல் போட்டவரைச் சேரும். உழைத்தவருக்கு அவருடைய உழைப்பு வீணானதே நஷ்டம்.

இப்போது நம் பிள்ளையின் நிலையைப் பாருங்கள். கூலியைக் கம்பெனி வைக்கிறது. அவன் பேச முடியாது. வேலையை அடிக்கடி மறுத்தால் அடுத்த வேலை குறையலாம், கணக்கே முடக்கப்படலாம். ஆக, கீழ்ப்படிவதில் அவன் தனி உழைப்பாளி. ஆனால் ஓட்டல் வாசலில் ஒரு மணி நேரம் வெயிலில் காத்து நின்றால் அந்தக் காத்திருப்புக்குக் கூலி இல்லை. அதில் மட்டும் அவன் பொது உழைப்பாளி. வண்டி அவனுடையது, பெட்ரோல் அவனுடையது, விழுந்தால் எலும்பும் அவனுடையது. அதில் அவன் "கூட்டாளி". லாபக் கணக்கில் மாத்திரம் அவன் யாருமில்லை! மூன்று நிலைகளின் பாரமும் அவன் தோளில். மூன்றின் உரிமையும் அவன் கையில் இல்லை. லாபம் யாருக்கோ நஷ்டமும் அவருக்கே என்பது பிக்ஹின் அடிப்படை விதிகளுள் ஒன்று. இங்கே அது தலைகீழாக நிற்கிறது.

ஒப்பந்தங்களில் வார்த்தையைப் பார்க்கக் கூடாது, கருத்தையே பார்க்க வேண்டும் என்பதும் மஜல்லா தன் தொடக்கத்திலேயே கூறும் விதி. வியப்பு என்னவென்றால், லண்டன் உச்ச நீதிமன்றமும் இதே இடத்துக்குத்தான் வந்து சேர்ந்தது. ஊபர் கார் ஓட்டுநர்கள் தொடுத்த வழக்கில் 2021 பிப்ரவரி 19 அன்று அது தீர்ப்பளித்தது. எழுதி வைத்த வாசகத்தை அது முடிவான சொல்லாகக் கொள்ளவில்லை. கட்டணத்தை வைப்பது யார், நிபந்தனையை விதிப்பது யார், மறுத்தால் என்ன ஆகிறது என்பதையே பார்த்தது. அவர்கள் வெறும் சுயதொழிலாளர் அல்லர், உரிமையுள்ள உழைப்பாளிகளே என்றது. பயணிக்காக ஆயத்தமாகக் காத்திருக்கும் நேரமும் வேலை நேரமே என்றும் கூறியது. இதை நம் இமாம்கள் எத்தனையோ நூற்றாண்டுகளுக்கு முன்பே எழுதி வைத்திருக்கிறார்கள்!

பெயரை மாற்றிப் பொறுப்பைத் தட்டிக்கழிக்கும் தந்திரம் நமக்குப் புதியதன்று. மேலப்பாளையத்திலும் மற்ற ஊர்களிலும் முறத்தை மடியில் வைத்துப் பீடி சுற்றிய நம் தாய்மார்களைக் கேட்டால் தெரியும். இலையையும் தூளையும் அவர்களுக்கு "விற்றதாக" எழுதி, சுற்றிய பீடியை அவர்களிடம் "வாங்கியதாக" எழுதி, தொழிலாளியை வியாபாரியாக்கிய முறை பீடித் தொழிலில் இருந்தது. பாராளுமன்றம் 1966-இல் பீடித் தொழிலாளர் சட்டத்தை இயற்றியபோது, வீட்டிலிருந்து சுற்றுபவரும் தொழிலாளரே என்று எழுதியது. முதலாளிகள் வழக்குத் தொடுத்தனர். 1974-இல் உச்ச நீதிமன்றம் சட்டம் செல்லும் என்று தீர்ப்பளித்தது.

இதற்கு மறுப்பும் உண்டு. "சொந்தமாகத் தொழில் செய்வது சுன்னத்தல்லவா? தாவூது நபி (அலை) கைத்தொழில் செய்து உண்டார்களே! நினைத்தபோது வேலை, நினைத்தபோது ஓய்வு. படிக்கும் பிள்ளைக்கும் நோயாளித் தாயைக் கவனிப்பவனுக்கும் இது உதவியல்லவா?" என்பர். உண்மைதான். சுதந்திரமான உழைப்பை நாம் பழிக்கவில்லை. கேள்வி ஒன்றே: அந்தச் சுதந்திரம் யார் கையில் இருக்கிறது?

மூஸா நபி (அலை) அவர்கள் மத்யனில் கூலிக்கு அமர்ந்த வரலாற்றைத் திருக்குர்ஆனின் அல்கஸஸ் அத்தியாயத்தில் காண்கிறோம். தவணை எட்டு ஆண்டு என்று முன்பே பேசப்பட்டது. பத்தாக நிறைவு செய்வது மூஸா (அலை) அவர்களின் விருப்பத்துக்கு விடப்பட்டது. கஷ்டப்படுத்த மாட்டேன் என்று எஜமானர் வாக்களித்தார். நிச்சயம் இருவருக்கும் இருந்தது. கூட்டிக்கொள்ளும் விருப்பம் உழைப்பவர் கையில் இருந்தது. இன்றோ நிச்சயம் முழுவதும் கம்பெனிக்கு, நிச்சயமின்மை முழுவதும் உழைப்பவனுக்கு என்றாகிறது. இதையா சுதந்திரம் என்பது?

அரசாங்கம் சும்மா இருக்கவில்லை. தமிழகத்தில் 2023-இல் இத்தொழிலாளருக்கென நல வாரியம் அமைக்கப்பட்டது. 2020-இல் இயற்றப்பட்டு 2025 நவம்பர் 21 அன்று நடைமுறைக்கு வந்த மத்திய சமூகப் பாதுகாப்புச் சட்டத் தொகுப்பு, இக்கம்பெனிகள் ஆண்டு விற்றுமுதலில் 1 முதல் 2 விழுக்காடு வரை தொழிலாளர் நலனுக்குச் செலுத்த வேண்டும் என்கிறது. நல்ல தொடக்கம். ஆனால் சட்டம் எட்டாத இடங்கள் பல. அவற்றுள் சில நம் சொந்த வீட்டிலும் நம் மஹல்லாவிலும் இருக்கின்றன.

நோன்பு திறக்கும் வேளையில் பிரியாணிக்கு ஆர்டர் கொடுத்துவிட்டுப் பத்து நிமிடத் தாமதத்துக்குக் கடிந்துகொள்கிறோமே, கொண்டு வருபவரும் நோன்பாளியாக இருந்து சிக்னலில் ஒரு பேரீத்தம்பழத்தோடு நோன்பு திறந்திருக்கக் கூடுமே என்று நினைத்தோமா? நம் பள்ளிவாசலில் இமாமத் செய்யும் ஹஜ்ரத்துக்கும் மோதினாருக்கும் என்ன நிச்சயம் கொடுத்திருக்கிறோம்? ஐந்து வேளையும் அவர்கள் நம் கட்டுப்பாட்டில். ஆனால் ஒரு ஜும்ஆ முடிந்து கூடும் கூட்டத்தில் நாலு பேர் பேசி, மறுநாள் பெட்டியைக் கட்டச் சொல்லும் ஜமாஅத்துகள் இல்லையா? எழுத்தில் தவணை உண்டா? நோயுற்றால் சம்பளம் உண்டா? கம்பெனியைக் குறை கூறுமுன் நம் நிர்வாகக் குழுவின் நோட்டுப் புத்தகத்தைப் புரட்டிப் பார்ப்போம்.

வேலையை முழுமையாக வாங்கிக்கொண்டு கூலியைக் கொடுக்காதவனுக்கு எதிராக மறுமையில் அல்லாஹ்வே வழக்காடுவான் என்ற ஹதீஸின் கருத்தை அறியாதவர் நம்மில் இல்லை. காத்திருந்த நேரமும் வேலைதான். தேய்ந்த டயரும் கூலியில் சேர வேண்டியதுதான். ஆகவே இவ்வேலைக்குப் போகும் பிள்ளைகள், வட்டிக் கடனில் வண்டி எடுக்குமுன், பெட்ரோலும் தேய்மானமும் போக மிஞ்சுவது எவ்வளவு என்று தாளில் எழுதிப் பார்க்கட்டும். நலத்திட்டத்தில் பெயரைப் பதிந்துகொள்ளட்டும். பாதுகாப்பான வேலையை நாடுவது ஈமானின் குறை என்று யாரும் அவர்களை இழித்துரைக்க வேண்டாம். ஒட்டகத்தைக் கட்டிவிட்டுத் தவக்குல் வைக்கச் சொன்ன மார்க்கம் நம்முடையது.

ஆள் வைத்து வேலை வாங்குகிற நாமோ, அழகிய பெயர் சூட்டுவதோடு நிற்காமல், அந்தப் பெயருக்குரிய ஹக்கையும் கொடுப்போமாக. உழைப்பவரின் உரிமை நம் கணக்கில் ஒட்டிக்கொள்ளாத தூய வாழ்வை அல்லாஹ் நம் அனைவருக்கும் அருள்வானாக! ஆமீன்.