மறைத்தலும் அருளே

ஒரத்தநாட்டு மேட்டுக் கொல்லைகள் முன்னாளில் வானையே நோக்கிக் கிடந்தன. 1924-ஆம் ஆண்டில் மைசூரோடு காவிரி உடன்படிக்கை முடிந்து, 1925-இல் தொடங்கிய மேட்டூர் அணைவேலை 1934-இல் நிறைவேறிய பின்னரே, கல்லணைக் கால்வாயாகிய புது ஆற்றின் வழியே அந்நிலங்கட்குக் காவிரி நீர் வாய்ப்பதாயிற்று.

நீர் வந்த அன்றே கொல்லை வயலாகிவிடுமோ? மேடு வெட்டிப் பள்ளம் நிரவி, வரப்பிட்டு, ஆண்டுதோறும் குளத்து வண்டலும் எருவும் சுமந்து கொட்டவேண்டும். விளைவு காணாமலே தந்தை கண்மூட, அவர் விட்ட இடத்தில் மைந்தன் தொடங்குவன். "இத்துணை நாள் உழைத்தும் பயன் காணேமே" என்று மண்வெட்டியை எறிந்தவன் நிலமோ, கால்வாய்க் கரையில் இருந்தும் கரம்பேயாம்.

உயிரின் நிலையும் இதுவே. அணை நீரை மறிப்பது மறுத்தற்கன்று; உரிய காலத்தில் உதவுதற்கே. இறைவனது திரோதான சத்தி மறைத்து நிற்பதும் மலம் பரிபாகமுறற் பொருட்டேயாம். சரியை கிரியைகள் நாடோறுஞ் சுமக்கும் வண்டற் கூடைகள். ஒரு கூடையால் மேடு பள்ளம் மாறுதல் கண்ணுக்குப் புலனாகாது. ஆயினும் அது வீண்போகாது. முற்பிறவித் தவம், தந்தையின் உழைப்பேபோல, பிற்பிறவியில் வந்து உதவும். வாளா காத்திருத்தல் பொறுமையன்று, சோம்பலே. பயன் தோன்றாக் காலத்தும் பணி குன்றாமையே பொறுமை. சத்திநிபாதம் நேருங்கால் நம் உள்ளம் மடை திறந்த வயலாய் நிற்பதாக.

சிவம்.