நீருக்கு அஞ்சுவோனைத் தள்ளுவது தகுமோ?

நீந்தக் கற்பிப்போர் சிலர், அஞ்சி நிற்கும் சிறுவனைத் தூக்கி ஆழத்தில் எறிகின்றனர். "தத்தளித்தால் தானே கற்பான்" என்பது அவர்தம் வாதம். அன்பர்களே! இஃது அறமாகுமா என்று சிந்திப்போம்.

நம் பத்தாம் வயதில் நம்மையும் ஒருவர் கிணற்றில் தள்ளினார். எவ்வாறோ கரையேறினோம், ஆயினும் நீச்சல் வரவில்லை. நூற்பாலையில் உழைத்த முப்பது ஆண்டுகளும் முழங்காலளவுக்கு மேல் நீரில் இறங்கினோமில்லை. தள்ளியவர் நம் அச்சத்தைப் போக்கவில்லை. அதற்குச் சான்றொன்று சேர்த்தார்.

அச்சம் எங்கே பிறக்கின்றது? தலை மூழ்கியதும் கற்போன் மூச்சை இறுகப் பிடிக்கின்றான். உடலில் கரியமில வாயு மிகுதலால் நெஞ்சு முட்டுகின்றது. பிராணவாயு தீர்ந்ததென்று அவன் கலங்குகின்றான். உண்மையில் அது தீர்ந்துவிடவில்லை. பிடித்த மூச்சை மூக்கின் வழியே மெல்ல விடுவானாயின் இறுக்கம் தளரும். மூக்கில் நீரும் ஏறாது. பற்றினால் துன்பமும் விடுவதால் ஆறுதலும் உண்டாதலை இங்கே கண்கூடாகக் காணலாம்.

ஆகவே, முதலில் வீட்டிலேயே அகன்ற பாத்திரத்து நீரில் முகம் பதித்துக் குமிழி விடப் பழக்குக. பின்னர் இடுப்பளவு நீரில் கற்பிப்பவர் எதிரே நின்று அவன் கைகளைப் பற்றி, தாம் முதலில் மூழ்கி எழுந்து காட்டுக. அடுத்து, மூன்று எண்ணும் அளவு அவனும் மூழ்கட்டும். அடியில் இட்ட காசை எடுக்க முயலும்போது, நீர் தன்னை மேலே தள்ளுவதை அவனே உணர்வான். "போதும்" என்று அவன் குறி காட்டிய கணமே நிறுத்துக. எழும் உரிமை தன்னிடமே உள்ளதென்று அறிந்தவனே மனமுவந்து மூழ்குவான். மூழ்குமுன் வேகவேகமாகப் பலமுறை மூச்சிழுத்து விடுதல் மட்டும் கூடாது. அது மூச்சு முட்டும் உணர்வைத் தாமதப்படுத்தி, நீரடியில் மயக்கமுறச் செய்யும்.

இது வெறும் விளையாட்டன்று. 2021ஆம் ஆண்டில் உலகில் ஏறத்தாழ 3,00,000 பேர் நீரில் மூழ்கி மாண்டனர் என்று உலகச் சுகாதார நிறுவனம் கணித்துள்ளது. நம்மவர்க்கோ இதில் வேறொரு துயரமும் உண்டு. பொதுக்குளத்துப் படியை மிதிக்கவும் நம் முன்னோர் விலக்கப்பட்டனர். 1927 மார்ச் 20ஆம் நாள் மகாடில் அண்ணல் அம்பேத்கர் சவுதார் குளத்து நீரை அள்ளிப் பருகியது அத்தடையை உடைக்கவே. குளம் மறுக்கப்பட்ட குடியில் நீச்சல் எவ்வாறு வளரும்? எனவே நம் பிள்ளைகளுக்கு நீச்சல் கற்பித்தல் கடமை. அக்கடமையை வன்முறையால் செய்தலோ, மறுத்தவர் வழியையே நாமும் பின்பற்றுதலாகும்.

சென்ற கோடையில், ஐம்பது கடந்த நாம், நீந்தக் கற்ற நம் பெயர்த்தியோடு இடுப்பளவு நீரில் நின்றோம். அவள் நம் கையைப் பற்றியிருந்தாள், இழுக்கவில்லை. அன்றுதான் நீருக்கடியில் முதன்முறையாகக் கண் திறந்தோம்.