தேதி தெரியாத பயணம்

ஆண்டுதோறும் ஜூலை 14 வந்தால் புதுச்சேரிக் கடற்கரைச் சாலைப் போர் நினைவிடத்தில் சொல்தாக்கள் பதக்கங்களோடு கூடுவார்கள். பிரெஞ்சுப் படையில் இருந்து ஓய்வுபெற்ற நம்மூர்க்காரர்கள். 2025இல் அதே நாளில்தான் இந்திய விண்வெளி வீரர் சுபான்ஷு சுக்லா சர்வதேச விண்வெளி நிலையத்தை விட்டுப் பூமிக்குக் கிளம்பினார். தற்செயல்தான். ஆனால் இரு தரப்பாருக்கும் வாழ்க்கை ஒன்றே: உத்தரவு வந்தால் பெட்டி கட்ட வேண்டும்.

சுக்லாவும், இந்தியரை விண்ணுக்கு அனுப்பும் ககன்யான் திட்டத்தின் மற்ற மூவரும் 2020 பிப்ரவரியில் மாஸ்கோ அருகே ககாரின் பயிற்சி மையத்தில் சேர்ந்தார்கள். சென்னையில் பிறந்த அஜித் கிருஷ்ணனும் அவர்களில் ஒருவர். ரஷ்ய மொழி, பனிக்காட்டில் உயிர்பிழைக்கும் பயிற்சி, நடுவில் கொரோனா ஊரடங்கு. அடுத்த ஆண்டு திரும்பிவந்து பெங்களூரு. பிறகு விண்வெளி நிலையப் பயணத்துக்காக, சுக்லாவுக்கும் நால்வரில் இன்னொருவரான பிரசாந்த் நாயருக்கும் ஹூஸ்டன்.

இப்படி ஊர் ஊராகப் போவதுதான் பெரும்பாடு என்று பலர் நினைக்கிறார்கள். எனக்கு அப்படித் தோன்றவில்லை. ஊர் எதுவானாலும் ஆறு மாதத்தில் பால்காரர், மருந்துக்கடை, பக்கத்து வீட்டுக்காரர் பெயர் எல்லாம் பழகிவிடும். பழகாதது ஒன்றுதான்: எப்போது என்று தெரியாமல் இருப்பது.

சுக்லாவின் பயணத்தையே பாருங்கள். மே கடைசியில் கிளம்ப வேண்டியவர். ஒருமுறை வானிலை, ஒருமுறை ராக்கெட்டில் ஆக்சிஜன் கசிவு, அப்புறம் விண்வெளி நிலையத்தின் ரஷ்யப் பகுதியில் கசிவு. ஜூன் 25 வரை, ஏறக்குறைய ஒரு மாதம், தனிமைப்படுத்தலில் காத்திருந்தார். விண்வெளியில் இருந்ததே மொத்தம் இருபது நாள்! ககன்யானின் கதை இன்னும் நீளம். 2022க்குள் இந்தியர் விண்ணுக்குப் போவார் என்று 2018 சுதந்திர தின உரையில் அறிவித்தார்கள். 2022உம் போனது, அடுத்தடுத்த ஆண்டுகளும் போயின. நால்வரும் பயிற்சியில்தான் இருந்தார்கள்.

தேதி இருந்தால் மனிதர்கள் எதையும் தாங்குவார்கள் என்பதற்குப் புதுச்சேரியே சாட்சி. 1962 ஆகஸ்ட் 16இல் இந்தியாவோடு சட்டப்படியான இணைப்பு நடந்தபோது, பிரெஞ்சுக் குடியுரிமை வேண்டுவோர் எழுதிக்கொடுக்க ஆறு மாத அவகாசம் தரப்பட்டது. பாகப்பிரிவினை போல ஒரே வீட்டில் அண்ணன் அந்தப் பக்கம், தம்பி இந்தப் பக்கம் என்று முடிவெடுத்தார்கள். வலி இல்லை என்று சொல்லமாட்டேன். ஆனால் கெடு இருந்ததால் உட்கார்ந்து பேசினார்கள். இந்தோசீனப் போருக்குக் கணவனை அனுப்பிய பெண்களுக்கு அப்படி ஒரு கெடு இல்லை. கடிதம் வரும்வரை காத்திருப்பதுதான் அவர்கள் வேலை. அதற்குப் பதக்கமும் கிடையாது.

விண்வெளிக்காரர்களிடம் ஒரு நல்ல வழக்கம் உண்டு. ஏவும் நாளில் வீரரின் குடும்பத்துக்குத் துணையாக இன்னொரு வீரரையே நாசா அமர்த்துகிறது. சுக்லாவின் பயணம் தள்ளிப்போனபோதும் காரணத்தை வெளிப்படையாகச் சொன்னார்கள். நம் அலுவலகங்களில் மாற்றல் உத்தரவு வெள்ளிக்கிழமை மாலை வரும். திரும்புவது எப்போது என்று கேட்டால் "பார்க்கலாம்" என்பார்கள்.

மாற்றல் உத்தரவில் கையெழுத்திடுகிற அதிகாரிகளே, போகும் தேதிக்குக் கீழே திரும்பும் தேதியையும் எழுதுங்கள். தள்ளிப்போனால் காரணத்தைச் சொல்லுங்கள், வீட்டில் இருப்பவர்களுக்கும் சேர்த்து.