அவலச்சுவையும் கேட்போன் கடனும்

அமெரிக்காவின் தென்மாநிலங்களுள் ஒன்றான ரெனசியில், மிசிசிப்பி ஆற்றங்கரையில் அமைந்த மெம்பிஸ் நகரிலே பீல் வீதி என்றொரு வீதி உண்டு. இரவானதும் அதன் ஒரு பகுதி வாகனங்களுக்கு மூடப்படுகிறது. நியோன் விளக்குகளின் கீழே மதுச்சாலைகளின் கதவுகள் திறந்திருக்கின்றன. ஒன்றிலிருந்து எழும் கிற்றார் ஓசை அடுத்ததிலிருந்து எழும் முரசொலியோடு கலந்து வீதிக்கு வருகிறது. இளைஞர் சிலர் வீதியின் நடுவே அடுக்கடுக்காகக் குட்டிக்கரணம் அடித்துச் சென்று, பார்த்து நிற்போரிடம் காசு கேட்கின்றனர். வெளியூரிலிருந்து வந்தவர் கையில் மதுக்கிண்ணத்தோடு சாலைக்குச் சாலை நகர்கிறார். பாடுவோனின் முன்னுள்ள வாளியில் ஓரிரு டொலர்களை இடுகிறார். நள்ளிரவு தாண்டியபின் மனநிறைவோடு விடுதிக்குத் திரும்புகிறார்.

அவர் கேட்டு மகிழ்ந்த இசைகளுள் முதன்மையானது புளூஸ். அடிமைமுறை ஒழிந்த பின்னரும் கடனாலும் குத்தகையாலும் பருத்தி வயல்களிலே கட்டுண்டு கிடந்த கறுப்பின மக்களிடையே தோன்றியது அது. பிரிவு, பசி, சிறை, ஆற்று வெள்ளம் ஆகியன அதன் பாடுபொருள்கள். ஒரு மக்கட் கூட்டத்தின் துயரம் பிறனொருவனின் ஓரிரவுக் களிப்பாவது அறத்திற்கு ஒத்ததா என்ற வினா இங்கு எழுகின்றது.

அழகியலாளர் இதற்கு எளிதில் விடை பகர்வர். தொல்காப்பியர் எண்வகை மெய்ப்பாடுகளுள் நகைக்கு அடுத்து அழுகையை வைத்தார். அரிஸ்டோட்டில் அவல நாடகத்தின் இன்பத்தை ஆராய்ந்தார். கலையாக வடிவெடுத்த துன்பம் சுவையாகிறது என்பது பழைய உண்மை. ஆயினும், அரங்கிலே அழும் அரசியின் துயரம் கற்பனை. திரை விழுந்ததும் அவளுக்கு எவரும் எதுவும் கொடுக்க வேண்டியதில்லை. பீல் வீதியில் ஒலிக்கும் துயரத்துக்கோ உரிமையாளர் இருந்தனர். அவர்கள் அதே வீதியில் வாழ்ந்தனர். எனவே அழகியல் விடை பாதி வழியிலேயே நின்றுவிடுகிறது.

நகரத்தின் பூங்காக்கள் கறுப்பின மக்களுக்கு அடைக்கப்பட்டிருந்த காலத்தில், அடிமையாகப் பிறந்து பெருஞ் செல்வரான றொபேட் சேர்ச் 1899 ஆம் ஆண்டில் பீல் வீதியிலே அவர்களுக்கென ஒரு பூங்காவையும் மண்டபத்தையும் அமைத்தார். வங்கி, தேவாலயம், பத்திரிகை, மருத்துவர் நிலையம், சூதாட்ட விடுதி யாவும் அவ்வீதியை அண்டி வளர்ந்தன. இசை அவ்வாழ்வின் ஒரு கூறாகவே இருந்தது. அங்கு வாத்தியக் குழு நடத்திய டபிள்யூ. சி. ஹண்டி, தேர்தல் பிரசாரத்துக்கென அமைத்த ஒரு மெட்டை 1912 இல் ‘மெம்பிஸ் புளூஸ்’ என வெளியிட்டார்; அதன் உரிமையை நூறு டொலருக்கு விற்றார். பாட்டு நாடெங்கும் பரவ, பிறர் பொருளீட்டினர். பின்னர் அதே வீதியிலிருந்த பலஸ் அரங்கிலே வெள்ளையர் மட்டும் அமர்ந்து கறுப்பினக் கலைஞரின் ஆடல் பாடலைக் கண்டு களிப்பதற்கெனத் தனி இரவுக் காட்சிகள் ஒதுக்கப்பட்டன. கலை வேண்டும், கலைஞனின் சுற்றத்தார் பக்கத்து ஆசனத்தில் அமரக் கூடாது! இதைவிட வெளிப்படையாக ஒரு சமூகம் தன் மனத்தைக் காட்டிவிட முடியாது.

பின்னர் நிகழ்ந்ததும் நோக்கத்தக்கது. நகரப் புனரமைப்பு என்னும் பெயரால் 1970களில் அவ்வயலிலுள்ள வீடுகளும் கடைகளும் பெருவாரியாக இடிக்கப்பட்டன. குடியிருந்தோர் அகன்றனர். சில கட்டடங்களின் முகப்புச் சுவர்கள் மட்டும் முட்டுக்கொடுத்து நிறுத்தப்பட்டன. 1983 இல் வீதி மீண்டும் திறக்கப்பட்டபோது அது கேளிக்கைக்குரிய வீதியாகவே திறக்கப்பட்டது. இசை திரும்பி வந்தது, அயலவர் திரும்பவில்லை.

இவை யாவற்றுக்கும் அந்த ஓரிரவு விருந்தினர் எவ்வாறு பொறுப்பாவார் என்று கேட்கப்படலாம். அவர் கட்டடம் எதையும் இடிக்கவில்லை, ஹண்டியை ஏமாற்றவுமில்லை. பிறர் செய்த குற்றத்துக்கு அவரைத் தண்டிப்பது நீதியன்று. இவ்வாதத்தில் வலு உண்டு. ஆனால் குற்றம் வேறு, கடன் வேறு. தந்தை அபகரித்த காணியில் விளைந்த நெல்லை உண்ணும் மகன் குற்றவாளியல்லன். காணி எவருடையது என்று அறிந்த பின்னரும் அவன் உண்பது அதே உணவன்று.

அவ்வாறாயின் அவர் துயரத்தோடு தலைகுனிந்து கேட்க வேண்டுமா? கற்றோர் பலர் விழும் குழி இதுவே. புளூஸ் பாட்டில் அழுகை மட்டுமில்லை. எள்ளலும் காமமும் தற்பெருமையும் மலிந்துள்ளன. எசமானனைக் கேலி செய்வதற்கும், நாளைய வேலையை மறந்து ஆடுவதற்கும் அது பாடப்பட்டது. மிசிசிப்பியின் பருத்தி வயலில் உழைத்த றைலி கிங் மெம்பிஸ் வந்து, பீல் வீதியின் பெயரையே பட்டமாகப் பூண்டு, பின்னர் பி. பி. கிங் எனச் சுருக்கமாக அறியப்பட்டார். அவர் இரக்கத்தை வேண்டி வந்தவரல்லர்; கை தேர்ந்த தொழிலாளியாக வந்தவர். அத்தகைய ஒருவனின் முன் கண்ணீர் மல்க அமர்ந்திருப்பவன், குடித்துவிட்டுக் கூச்சலிடுபவனைவிட மேலானவன் என்று துணிய முடியாது. முன்னவன் அவனைக் காட்சிப் பொருளாகக் காண்கிறான். பின்னவன் அவனைக் காண்பதேயில்லை.

கேட்போனிடம் எதிர்பார்க்கப்பட வேண்டியது இரக்கமன்று. தனக்கு உரியவையெனக் கருதுவனவற்றைப் பாடுவோனுக்கும் உரியவையென ஒப்புதல். அவை மிகச் சாதாரணமானவை: வேலைக்கு ஏற்ற கூலி, ஆக்கியதன் மீது உரிமை, அடுத்த ஆசனத்தில் அமரும் இடம், தான் பிறந்த வீதியில் தொடர்ந்து குடியிருக்கும் வாய்ப்பு. வாளியில் இடும் டொலர் இக்கடனின் மிகச் சிறு பகுதி. அதை இனாம் என்று அழைக்கும்போதே, கூலி கொடைபோலத் தோற்றம் பெற்றுவிடுகிறது. விருந்தினர் ஒருவரால் இவையனைத்தையும் ஓரிரவில் செலுத்திவிட முடியாது என்பது மெய்யே. செலுத்திவிட்டதாக எண்ணிக்கொள்ளாதிருத்தல் அவரால் முடியும். தம் சொந்த ஊரில் கூலி, காணி, குடியிருப்பு என்பன பற்றிய கேள்வி எழும்போது எப்பக்கம் நிற்பது என்று தீர்மானித்தலும் முடியும்.

1968 ஆம் ஆண்டு பெப்ரவரி முதலாம் நாள், மழைக்கு ஒதுங்கிய சுத்திகரிப்புத் தொழிலாளர் இருவர் குப்பை லொறியின் பொறியில் நசுங்கி மெம்பிஸில் மாண்டனர். ஏறக்குறைய 1,300 தொழிலாளர் வேலைநிறுத்தத்தில் இறங்கினர். மார்ச் 28 ஆம் நாள் மார்ட்டின் லூதர் கிங் தலைமையில் அவர்கள் ஊர்வலமாகச் சென்றது இப்பீல் வீதி வழியேதான். கடைக் கண்ணாடிகள் உடைந்தன. பொலிசார் தடியாலும் கண்ணீர்ப் புகையாலும் தாக்கினர். ஏப்ரல் 4 ஆம் நாள், வீதியிலிருந்து நடந்தே சென்றுவிடக்கூடிய தொலைவிலுள்ள லொறெய்ன் விடுதியில் கிங் சுட்டுக் கொல்லப்பட்டார். தொழிலாளர் ஏந்திய அட்டைகளிலே ‘நான் ஒரு மனிதன்’ என்று மட்டுமே எழுதியிருந்தது. இசை ஓய்ந்து விருந்தினர் உறங்கச் சென்றபின், அவர்கள் விட்டுச் சென்ற கிண்ணங்களைக் கூட்டி அள்ளுவதற்கு அவ்வீதிக்கு இன்றும் சிலர் வருகின்றனர்.